மாடு மேய்ந்த மந்தைவெளியில் பிளாஸ்டிக் புல்! நீச்சல் குளம் ஓரம் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

சென்னை,

மாட்டு மந்தைகள் மேய்ந்த வெளி என்பதால்தான் மந்தைவெளிக்கு அந்த பெயர் வந்தது என்பார்கள். மேய்ச்சல் நிலம் போய் பல காலம் ஆகிவிட்டது. இப்போது புல் மட்டும் வேறு வடிவத்தில் வந்து இறங்குகிறது. இது மாடு தின்னாத பிளாஸ்டிக் புல்.

மந்தைவெளி, ஆர்.ஏ.புரம், எம்.ஆர்.சி.நகர் பக்கம் நீச்சல் குளம் உள்ள வீடுகளிலும் அபார்ட்மெண்டுகளிலும் குளத்தை சுற்றி விரிக்க இந்த செயற்கை புல்லை கேட்கிறார்கள். சேறு இல்லை, வெட்டுகிற வேலை இல்லை, தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்பது காரணம். விரிக்கிற வேலை கொத்தனார், தோட்டக்காரர், தரை ஒட்டுகிறவர்கள் கைக்குத்தான் வருகிறது. பார்க்க பாய் விரிப்பது போல இருந்தாலும் விஷயம் அவ்வளவு லேசு இல்லை.

கால் சுடும், உஷார்!

செயற்கை புல்லின் பெரிய குறையே சூடுதான். நிஜ புல்லில் ஈரம் இருப்பதால் அது குளிர்ச்சியாக இருக்கும். பிளாஸ்டிக்கில் அந்த ஈரம் ஏது?

அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் ரப்பர் தூள் நிரப்பிய விளையாட்டு மைதான புல்லை 2002-ம் ஆண்டு சோதித்தார்கள். வெயிலில் 79 டிகிரி செல்சியஸ் வரை கொதித்த புல் மீது தண்ணீர் அடித்ததும் 29 டிகிரிக்கு இறங்கியது. ஆனால் ஐந்தே நிமிடத்தில் மறுபடி 49 டிகிரிக்கு ஏறிவிட்டது. 50 டிகிரி சூடு 10 நிமிடம் பட்டாலே தோலில் காயம் ஆகலாம். குழந்தைகளின் பாதம் இன்னும் மென்மையானது.

சென்னையில் 2003-ம் ஆண்டு மே 31-ந் தேதி 45 டிகிரி வெயில் அடித்ததை மறக்க முடியுமா? குளத்தில் இருந்து குழந்தைகள் வெறுங்காலோடுதான் ஏறி ஓடி வரும். எனவே குளத்தை ஒட்டி ஒரு அடி அகலத்துக்கு வெளிர் நிற கல் அல்லது வழுக்காத டைல்ஸ் விட்டு, அதற்கு அப்பால் புல் போடுவது நல்லது. நிழல் விழுகிற பக்கமாக போட்டால் இன்னும் நல்லது. கறுப்பு ரப்பர் தூள் நிரப்புகிற ரகம் வீட்டு குளத்துக்கு வேண்டாம்.

தண்ணீர் எங்கே போகும்?

அடுத்தது வடிகால். புல்லின் அடிப்பாகத்தில் சிறு ஓட்டைகள் இருக்கும். கீழே தரை மட்டமாக இருந்தால் தண்ணீர் தேங்கி, நாற்றம் அடித்து, பாசி பிடித்துவிடும்.

சிமெண்டு தரை என்றால் 100 அடிக்கு 1 அடி என்ற கணக்கில் குளத்துக்கு எதிர்ப்பக்கமாக சரிவு வேண்டும். தண்ணீர் ஓட இடம் தரும் ஓட்டை உள்ள ரப்பர் பாயை கீழே போட்டு அதன் மேல் புல்லை விரிக்கலாம். மண் தரை என்றால் 4 இன்ச் தோண்டி, ஜல்லி, கிரஷர் தூள் கொட்டி, நன்றாக திமிசு போட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மழைக்கே பள்ளம் விழுந்துவிடும்.

தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-ம் ஆண்டு எல்லா கட்டிடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. அந்த மழைநீர் தொட்டியின் மூடியை புல்லால் மறைத்து ஒட்டிவிடக்கூடாது. பிளாஸ்டிக் புல்லுக்கு தண்ணீர் தேவையில்லை, வீட்டு கிணற்றுக்கும் போருக்கும் தேவை. 2019-ம் ஆண்டு லாரி தண்ணீருக்கு குடத்தோடு காத்து நின்றவர்களுக்கு இதை தனியாக சொல்ல வேண்டியதில்லை.

ஆணி அடிக்கும் முன்...

குளத்தை சுற்றி தரைக்கு அடியில் விளக்கு வயரும் மோட்டார் பைப்பும் போகும். மண் தரையில் ஓரம் நிற்க ஆணி அடிப்பார்கள். வயர் எங்கே போகிறது என்று வீட்டுக்காரரிடம் கேட்டு, சுண்ணாம்பு கோடு போட்டு, மெயின் சுவிட்சை ஆப் செய்த பிறகே ஆணியை தொட வேண்டும். ஈரமான இடம், உயிரோடு விளையாடக்கூடாது.

ரோலை பிரித்து சில மணி நேரம் வெயிலில் போட்டால் சுருக்கம் போகும். எல்லா துண்டிலும் புல் ஒரே பக்கமாக சாய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிறம் மாறி, ஒட்டு போட்டது பளிச்சென்று தெரியும். ஒட்டுகிற பசை தண்ணீர் தாங்குகிற ரகமா என்று டப்பாவை பார்க்க வேண்டும். மேலே மணல் தூவினால் அது காலோடு போய் குளத்து பில்டரை அடைக்கும். எனவே மணல் தேவைப்படாத குட்டை புல்லே குளத்து ஓரத்துக்கு சரி.

கணக்கு இப்படி

20 அடி நீளம், 10 அடி அகலம் உள்ள குளத்தை சுற்றி 3 அடிக்கு புல் போட்டால் 216 சதுர அடி வரும். ஆனால் ரோல் பெரும்பாலும் 2 மீட்டர், அதாவது சுமார் ஆறரை அடி அகலத்தில் வருகிறது. வெட்டும்போது துண்டு மிஞ்சும். மிஞ்சுகிற துண்டுக்கும் காசு உண்டா, இல்லையா என்பதை வேலை தொடங்கும் முன்பே கறாராக பேசிவிட்டால் கடைசியில் தகராறு வராது.

எழும்பூரில் பார்க்கலாம்

இந்த புல் 1966-ம் ஆண்டு அமெரிக்காவின் ஹூஸ்டன் ஸ்டேடியத்தில் போடப்பட்ட பிறகுதான் உலகம் முழுக்க பிரபலமானது. நம் ஊரில் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் 2023-ம் ஆண்டு ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஆக்கிக்காக புது செயற்கை புல் தரை போட்டார்கள். அங்கேதான் இறுதிப்போட்டியில் இந்தியா 4-3 என்று மலேசியாவை வென்றது. ஆனால் அங்கே ஆடுகிறவர்கள் ஷூ போட்டு ஆடுகிறார்கள். வீட்டு குளத்தில் அப்படி இல்லை.

புல் போட்ட வீடுகளில் மதியம் குழந்தைகளை இறக்கிவிடும் முன், பெரியவர்கள் புறங்கையை புல் மேல் வைத்து பார்க்கலாம். பத்து எண்ணும் வரை கை தாங்கவில்லை என்றால், பிள்ளைகளின் காலும் தாங்காது. அன்றைக்கு செருப்பு போடாமல் விடக்கூடாது.