பேசும் கைப்பேசியும் நமது பொறுப்பும்

மஹல்லா வாட்ஸ்அப் குழுவில் ஒரு மவுத் அறிவிப்பு வருகிறது. இறந்தவரின் பெயர், வீடு, ஜனாஸா தொழுகை நேரம் எல்லாம் ஒரு படத்துக்குள் அழகாக எழுதப்பட்டிருக்கிறது. நாம் ஒரு நொடியில் படித்துவிட்டுக் கிளம்புகிறோம். அதே குழுவில் இருக்கும் பார்வையற்ற சகோதரருக்கு அவரது கைப்பேசி சொல்வது ஒரே சொல்தான்: "புகைப்படம்". அடுத்தடுத்து வரும் 'இன்னாலில்லாஹி' பதில்களைக் கேட்டு யாரோ இறந்துவிட்டார் என்பது மட்டும் அவருக்குப் புரிகிறது. யார், எப்போது அடக்கம் என்பது தெரியவில்லை.

அவரது கைப்பேசி நன்றாகத்தான் வேலை செய்கிறது. நாம் அனுப்பிய விதத்தில்தான் குறை இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள, அந்தக் கைப்பேசி எப்படிப் பேசுகிறது என்பதை முதலில் அறிவோம்.

திரையை வாசிக்கும் மென்பொருள்

திரையில் உள்ள எழுத்தைக் குரலாக மாற்றிச் சொல்லும் மென்பொருளுக்கு 'திரை வாசிப்பான்' என்று பெயர். பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் 'டாக்பேக்', ஐபோனில் 'வாய்ஸ்ஓவர்' என்ற பெயரில் இது ஏற்கெனவே இருக்கிறது. செட்டிங்ஸில் 'ஆக்ஸசிபிலிட்டி' பகுதிக்குச் சென்று இயக்கினால் போதும். தமிழிலும் வாசிக்கும். கணினிக்கு 'என்விடிஏ' என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. 2006இல் அதை எழுதத் தொடங்கிய ஆஸ்திரேலியரான மைக்கேல் கரன் பார்வையற்றவர்.

டாக்பேக் இயங்கும்போது தொடும் முறை மாறும். ஒருமுறை தொட்டால் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும். இருமுறை தட்டினால்தான் திறக்கும். வலப்பக்கம் விரலால் தள்ளினால் அடுத்ததற்குச் செல்லும். இது தெரியாத வீட்டார் போன் கெட்டுவிட்டது என்று நினைத்து அணைத்துவிடுவதுண்டு. ஒரு வாரம் பொறுமையாகப் பழகினால் அழைப்பு, செய்தி, வங்கிப் பணி எனப் பலவற்றையும் அவரே செய்துகொள்ள முடியும்.

இந்த மென்பொருள் நம்பகமாக வாசிப்பது எழுத்தாக வந்ததைத்தான். படத்துக்குள் இருக்கும் எழுத்தை எப்போதும் சரியாகப் பிரித்தெடுக்கும் என்று சொல்ல முடியாது. அலங்கார எழுத்தாக இருந்தால் தவறிவிடக்கூடும்.

கையில் உள்ள நோட்டு எவ்வளவு?

கடைவீதியில் இன்னொரு சிரமம். இன்று புழங்கும் 100, 200, 500 ரூபாய் நோட்டுகள் மூன்றுக்கும் அகலம் ஒன்றுதான்: 66 மி.மீ. நீளம் முறையே 142, 146, 150 மி.மீ. அதாவது ஒன்றுக்கொன்று 4 மி.மீ. மட்டுமே வேறுபாடு. ஓரங்களில் தடவி அறியும் கோடுகள் உண்டு. 100க்கு நான்கு, 500க்கு ஐந்து. ஆனால் நோட்டு பழசானால் அவை தேய்ந்துவிடுகின்றன.

இதற்காக ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் 'மணி' என்ற செயலியை வெளியிட்டது. கேமராவின் முன் நோட்டைக் காட்டினால் மதிப்பைச் சொல்லும். இணைய இணைப்பு இல்லாமலும் இயங்கும். நல்ல நோட்டா கள்ள நோட்டா என்று மட்டும் சொல்லாது.

விடியலை அறிவித்தவர்கள்

அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பார்வையற்ற நபித்தோழர். நபி (ஸல்) அவர்களின் முஅத்தின்களில் ஒருவர். ஃபஜ்ர் நேரத்தை வானத்தைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். மக்கள் அவரிடம் விடிந்துவிட்டது என்று சொல்வார்கள். அதன்பின் அவர் பாங்கு சொல்வார் என்று புகாரியில் பதிவாகியுள்ளது.

அவருக்குத் தேவைப்பட்டது ஒரு தகவல். சமூகம் அதைக் கொடுத்தது. பணியை அவரே செய்தார். பார்வையற்றவர், சிரமப்பட வேண்டாம் என்று பாங்கை வேறொருவரிடம் கொடுத்துவிடவில்லை. இன்றைய உதவித் தொழில்நுட்பத்தின் வேலையும் இதுதான். விடுபட்ட தகவலைக் கொடுத்துவிட்டு விலகி நிற்பது.

நமது வீடுகளில் பெரும்பாலும் நேர்மாறாக நடக்கிறது. சர்க்கரை நோயாலோ கண் நீர் அழுத்த நோயாலோ வாப்பாவுக்குப் பார்வை போய்விட்டால், பாசத்தால் எல்லாவற்றையும் நாமே செய்யத் தொடங்குகிறோம். அவரது ஏடிஎம் இரகசிய எண் பேரப்பிள்ளை வரை தெரிந்திருக்கும். அவருக்கு வந்த செய்தியை வேறொருவர் சத்தமாகப் படிப்பார். அறுபது வயதுவரை குடும்பத்தை நடத்தியவர், தனது கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பிறரைக் கேட்டு அறியும் நிலை வருகிறது. காதில் ஒரு இயர்போனும் கையில் பேசும் கைப்பேசியும் இருந்தால் அந்த அந்தரங்கம் அவருக்கு மீண்டும் கிடைக்கும்.

உலக சுகாதார அமைப்பும் யுனிசெஃபும் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஏதேனும் ஓர் உதவிக் கருவி தேவைப்படுவோர் 250 கோடிக்கும் மேல். அவர்களில் சுமார் 100 கோடிப் பேருக்கு அது கிடைக்கவில்லை. மூக்குக் கண்ணாடியும் இந்தக் கணக்கில் சேரும். கண்ணாடி அணிய நாம் வெட்கப்படுவதில்லை; வெள்ளைக் கோலுக்கும் காதொலிக் கருவிக்கும் மட்டும் ஏன் தயங்க வேண்டும்?

நாம் செய்யக்கூடியவை

1. குழுவில் படம் அனுப்பினால், அதன் கீழே பெயர், இடம், நேரத்தைத் தட்டச்சு செய்துவிடுங்கள். தொழுகை நேர மாற்றம், நிக்காஹ் அழைப்பு, உதவித்தொகை அறிவிப்பு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

2. வீட்டில் பார்வை குறைந்தவர் இருந்தால், ஒரு பிள்ளை டாக்பேக்கைத் தானும் கற்று அவருக்கும் பழக்கட்டும். பழகும்வரை போனைப் பிடுங்கிச் செய்துகொடுக்க வேண்டாம்.

3. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகி, அடையாள அட்டைக்கும் உதவி உபகரணங்களுக்கும் விண்ணப்பிக்க ஜமாஅத் துணை நிற்கலாம்.

4. மதரஸாவில் பார்வையற்ற பிள்ளை சேர வந்தால் ஒலிப்பதிவோடு நிறுத்திவிட வேண்டாம். பிரெயில் எழுத்தில் குர்ஆன் பிரதிகள் உள்ளன. அரபு பிரெயில் இடமிருந்து வலமாக வாசிக்கப்படும் என்பதை உஸ்தாதுகளும் அறிந்துவைப்பது நல்லது.

இவற்றில் முதலாவதற்குக் காசும் தேவையில்லை, பயிற்சியும் தேவையில்லை. அடுத்த மவுத் அறிவிப்பில் இரண்டு வரி கூடுதலாகத் தட்டச்சு செய்தால், ஜனாஸாவின் ஸஃப்பில் இன்னொரு சகோதரரும் நேரத்துக்கு வந்து நிற்பார், இன்ஷா அல்லாஹ்.