பாசிமணிச் சரமும் நமது கடைவாசலும்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் நமது வணிகர்களிடையே ஆண்டுதோறும் ஒரு பேச்சு எழுவது வழக்கம். வாடகை, முன்பணம், மின்கட்டணம் எல்லாம் கொடுத்துக் கடை நடத்துகிறோம், வாசலுக்கு நேரே துணியை விரித்துப் பாசிமணி விற்பவர்கள் நமது வியாபாரத்தை எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்பதே அந்தப் பேச்சு. வடகரை, அச்சன்புதூர், பண்பொழிப் பக்கம் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருப்பவர்களும், சீசனுக்கு மட்டும் குற்றாலத்தில் கடை எடுப்பவர்களும் இதையே சொல்கிறார்கள். நாமும் ஒரு காலத்தில் இதைச் சொன்னவர்கள்தான். ஆனால் இந்தச் சரக்கு எங்கிருந்து வருகிறது, யார் கையில் மாலையாகிறது, யார் கைக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது நமது எண்ணம் மாறிவிட்டது. அதை இங்கே விளக்குவோம்.

பாசிமணி, ஊசிமணி என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவர்கள் நரிக்குறவர் மக்கள். தங்களுக்குள் அவர்கள் பேசுவது வாக்ரிபோலி. குஜராத்தி மொழிக்கு உறவான, எழுத்து இல்லாத மொழி அது. முன்பு இவர்களுக்கு வேட்டைதான் முதல் தொழில். மணி கோப்பது பக்கத் தொழில். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டை குற்றமாகிவிட்டது. பக்கத் தொழிலே சோறு போடும் தொழிலாயிற்று. தமிழ்நாட்டில் மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்த இவர்கள், 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத் திருத்தத்தின் மூலம் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். திருச்சி அருகே தேவராயநேரியில் இருப்பது போன்ற குடியிருப்புகளில் இன்று பெரும்பாலான குடும்பங்களுக்கு மணிதான் பிழைப்பு. திருவிழா, சந்தை, அருவி, கடற்கரை என்று கூட்டம் சேரும் இடமெல்லாம் அவர்களுக்குக் கடைவீதி.

இவர்கள் வேலை செய்யும் முறையைச் சற்று நின்று பார்த்திருக்கிறீர்களா? பேருந்து நிலையத்தின் ஓரத்தில் நான்கைந்து பேர் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் குறடால் கம்பியை வளைத்து மணிக்கு மணி கண்ணி போடுவார். இன்னொருவர் நூலில் கோப்பார். சிறு பிள்ளை நிறம் பிரித்துக் கொடுக்கும். பள்ளிக்கூடம் போல யாரும் கற்றுக் கொடுப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்தே கை பழகிவிடுகிறது. ஒருவருடைய மாடல் காலையில் நன்றாக ஓடினால் மாலைக்குள் அது வட்டத்தில் உள்ள எல்லோர் கையிலும் இருக்கும். இது என் மாடல் என்று யாரும் சண்டைக்கு வருவதில்லை. சரக்கு தீர்ந்தவருக்கு அடுத்தவர் ஒரு கைப்பிடி மணி அளந்து கொடுத்துவிட்டு, பிறகு கணக்குத் தீர்த்துக் கொள்கிறார். நாமோ கொள்முதல் செய்யும் மொத்தக் கடையின் பெயரைக்கூடப் பக்கத்துக் கடைக்காரருக்குச் சொல்ல மாட்டோம்! சொன்னால் நஷ்டம் என்று நினைக்கிறோம். அவர்கள் சொல்லி விடுவதால்தான் ஐம்பது பேர் விரித்தாலும் ஐம்பது பேரிடமும் அந்த வாரம் விற்கும் சரக்கு இருக்கிறது.

சரி, மணி எங்கிருந்து வருகிறது? இவர்கள் செய்வதில்லை, கோக்கிறார்கள். செய்வது வேறு ஊர்கள். உத்தரப் பிரதேசத்தில் வளையலுக்குப் பெயர் பெற்ற ஃபிரோசாபாத், கண்ணாடி மணிக்கென்றே பெயர் பெற்ற புர்தில்நகர், காசி ஆகிய இடங்களிலிருந்து கண்ணாடி மணி வருகிறது. ருத்ராட்சத்தில் பெரிய கொட்டை நேபாளத்துச் சரக்கு. மாலைக்குப் போகும் சிறிய கொட்டை பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்து இறங்குவது. மிகச் சிறிய பாசியில் செக் நாட்டுச் சரக்கும் ஜப்பான் சரக்கும் உயர்தரம். விலை குறைந்த பிளாஸ்டிக், கண்ணாடி, பூச்சு மணிகளில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. இவையெல்லாம் சென்னை சௌகார்பேட்டை, மும்பை போன்ற இடங்களின் மொத்த வணிகர் வழியாகத்தான் கீழே இறங்குகின்றன. ஆக, நடைபாதையில் விரித்திருக்கும் அம்மாள் ஒரு மொத்த வணிகரின் வாடிக்கையாளர். நம் சங்கத்தில் மொத்த வியாபாரம் செய்யும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த வாடிக்கை ஏன் சென்னைக்கும் திருச்சிக்கும் போகிறது, ஏன் தென்காசியில் நிற்கவில்லை?

இதில் நமக்கு ஒரு ஆதங்கமும் உண்டு. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் அகழ்வு நடத்தினார். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே கண்ணாடி மணி செய்யப்பட்டதைப் பின்னர் பீட்டர் ஃபிரான்சிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் விரிவாக ஆராய்ந்து எழுதினார். உருகிய கண்ணாடியை உள்ளே துளை இருக்கும்படி நீண்ட குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கச் சாம்பலோடு சேர்த்து மீண்டும் சூடாக்கி முனை மழுக்குவது அந்த முறை. இவ்வகை மணிகள் தென்கிழக்கு ஆசியா முழுவதும் கிடைத்திருக்கின்றன. அதே முறை ஆந்திராவில் பாப்பாநாயுடுபேட்டையில் 20-ஆம் நூற்றாண்டின் கடைசி வரை நடந்து வந்தது. கப்பல் ஏற்றி விற்ற சரக்கை இன்று நாம் கப்பலில் இருந்து இறக்கி விற்கிறோம்.

இனி வியாபார விஷயத்திற்கு வருவோம். சிறு பாசியை எண்ணிக்கையில் வாங்குவதில்லை, எடையில் வாங்குகிறோம். 450 கிராம் பாக்கெட் வழக்கமான அளவு. இதில் நம்பர் பெரிதானால் மணி சிறிது. 11-ஆம் நம்பர் சுமார் 2 மில்லிமீட்டர், 8-ஆம் நம்பர் சுமார் 3, 6-ஆம் நம்பர் சுமார் 4. பதினொன்றாம் நம்பரில் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 110 மணி நிற்கும். பாக்கெட்டுக்குச் சுமார் ஐம்பதாயிரம். மலிவான பாக்கெட்டில் துளை அடைத்தது, உடைந்தது, கோணலானது எவ்வளவு என்று ஒரு கைப்பிடி எடுத்து எண்ணிப் பாருங்கள். நூற்றுக்குப் பத்து கழிந்தால் விலைக் குறைவு அங்கேயே கரைந்துவிடும். கோக்கிறவருக்கு நேரமும் வீணாகும்.

மாலைக்கு எண்ணிக்கைதான் உயிர். ஜெபத்திற்கு வாங்குபவர் கடையிலேயே எண்ணிப் பார்ப்பார். இந்து மாலைக்கு 108 அல்லது 54. தஸ்பீஹ் மணி 99 அல்லது 33. கத்தோலிக்க ஜெபமாலையில் சிறியது 53, பெரியது 6, ஆக 59. வடகரை போன்ற ஊரில் ஒரே கடையில் மூன்றும் கேட்பார்கள். ஒரு மணி குறைந்தாலும் மாலை திரும்பி வரும். நீளத்தையும் முன்கூட்டியே கணக்கிடலாம். 8 மில்லிமீட்டர் மணியில் 108 கோத்தால் 86.4 சென்டிமீட்டர். மணிக்கு மணி முடிச்சுப் போட்டால் முடிச்சுக்கு 1 முதல் 2 மில்லிமீட்டர் கூடி, மாலை 10 முதல் 20 சென்டிமீட்டர் வரை நீளும். முடிச்சுப் போட்ட மாலை அறுந்தால் ஒரு மணிதான் விழும். போடாத மாலை அறுந்தால் அருவிக்கரையில் நூற்றெட்டும் உருண்டோடும். இந்த வித்தியாசத்தைச் சொல்லி விற்றால் கூடுதல் விலை கேட்க நாம் கூச வேண்டியதில்லை.

அருவி என்றதும் நமது பகுதிக்கே உரிய ஒரு சங்கடம் வருகிறது. மற்ற ஊரில் வாங்கிய மாலையை வாடிக்கையாளர் வீட்டுக்குக் கொண்டு போவார். நமது ஊரில் வாங்கியவர் கழுத்தில் போட்டுக்கொண்டு நேராக அருவிக்குள் நிற்பார். பருத்தி நூல் நனைந்து நனைந்து இற்றுப் போகும். பூச்சு மணியின் முத்து நிறம் உரியும். ஆகவே நைலான் நூலோ தங்கூசி நரம்போ கேட்டு வாங்க வேண்டும்.

கருங்காலி மாலையில் நமக்கே ஒரு பாடம் கிடைத்தது. சினிமாக்காரர்களும் அரசியல்வாதிகளும் அணிகிறார்கள் என்று 2023-ஐ ஒட்டி அதற்கு ஒரு மோகம் பிறந்தது. வெளியூர் மொத்த வணிகர் ஒருவர் கொடுத்த விலை ஆசையைத் தூண்ட, ஒரு பெட்டி எடுத்தோம். மூன்றாம் நாள் கொல்லத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் ஐந்தருவியில் குளித்துவிட்டுத் திரும்பி வந்தது. பெரியவருடைய வெள்ளை வேட்டியின் மேல்புறமெல்லாம் கறுப்பு வழிந்திருந்தது. மாலைக்கான பணத்தோடு வேட்டிக்கான பணமும் கொடுத்து அனுப்பினோம். பெட்டியில் மீதி இருந்ததை விற்க மனம் வரவில்லை. இதில் வேடிக்கை, அந்தச் சரக்கைப் பார்த்தவுடனே சாயம் என்று சொன்னவர் எதிரே விரித்திருந்த நரிக்குறவ அம்மாள்தான். துளையின் உள்பக்கம் மரம் வெளுத்திருக்கிறது பார் என்று காட்டினார். துளையைப் பார்க்க வேண்டும் என்று நமக்குத் தோன்றவேயில்லை.

அன்றிலிருந்து ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பார்த்துத்தான் எடுக்கிறோம். நல்ல கருங்காலி தண்ணீரில் மூழ்கும் என்பது உண்மை. ஆனால் சாயமேற்றிய வேறு கனத்த மணியும் மூழ்கும், ஆகவே அதை மட்டும் நம்பக் கூடாது. ருத்ராட்சத்திற்கும் மூழ்குவது சான்றல்ல. முகத்தை ஒட்டிச் செய்த கொட்டையானால் கொதிநீரில் போட்டால் பசை விடும். ஸ்படிகம் என்று விற்கும் கண்ணாடியில் வெளிச்சத்தில் பார்த்தால் நுண்ணிய காற்றுக் குமிழி தெரியும். கண்ணாடியைக் கண்ணாடி என்றே சொல்லி விற்பதில் குறை ஒன்றுமில்லை. ஸ்படிகம் என்று சொல்லி விற்றால் பாதிக்கப்படுவது நாம் ஒருவர் மட்டுமல்ல, அந்த வரிசையில் உள்ள எல்லாக் கடையும்தான்.

அப்படியானால் நமக்குப் போட்டி யார்? நடைபாதையில் விரிப்பவர் நாளொன்றுக்கு விற்பதைக் கூட்டிப் பார்த்தால், அதில் மணி வாங்கிய பணம், ஊரிலிருந்து வந்த பேருந்துக் கட்டணம், சாப்பாடு போக மிஞ்சுவது கூலிதான். அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டால் அந்தக் கூலியும் இல்லை. 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவன் உயிரிழந்த பிறகு அருவிகளில் தடை இருந்தது. கடைக்காரருக்கு அப்போது வியாபாரம் குறைந்தது. இவர்களுக்கு அடுப்பே எரியவில்லை. நமது கல்லாவைக் குறைப்பது அவர்களல்ல. அட்டையில் மாட்டி, பாலிதீன் உறையில் வரும், அறுந்தால் எறிய வேண்டிய அச்சுச் சரக்கும், அதை வீட்டு வாசலுக்கே அனுப்பும் வியாபாரமுமே குறைக்கின்றன. அந்தச் சரக்கை நாமும் வைத்து விலையில் அதனோடு போட்டி போட முடியாது. போடக் கூடியது ஒன்றே ஒன்று, நின்ற இடத்தில் அளவு பார்த்துக் கோத்துக் கொடுப்பது.

அந்தக் கை நம்மிடம் இல்லை, எதிரே இருக்கிறது. ஆகவே நாம் செய்து பார்த்ததைச் சொல்கிறோம். நல்ல மணியையும் நூலையும் நாம் வாங்கி வைத்து, கோப்பதை உருப்படிக் கூலிக்கு அவர்களிடம் கொடுத்தோம். முதல் தடவை மணி எண்ணிக் கொடுத்து, மாலையை எண்ணி வாங்கினோம். இரண்டாம் தடவை எடை போட்டோம். மூன்றாம் தடவை அதுவும் தேவைப்படவில்லை. கூலியை அன்றன்றே தர வேண்டும், இது முக்கியம். பத்து நாள் நிறுத்தி வைத்தால் அவர்கள் அடுத்த ஊர்த் திருவிழாவுக்குப் போய்விடுவார்கள், அது அவர்கள் குற்றமல்ல. அறுந்த மாலையைக் கொண்டு வருபவருக்கு உடனே கோத்துத் தருகிறோம் என்று ஒரு அட்டையும் வாசலில் தொங்கவிட்டோம். மாலை கோக்க வந்தவர் கோத்து முடியும் வரை கடையில் நிற்கிறார். நிற்பவர் சும்மா போவதில்லை என்பது நமக்குத் தெரிந்ததுதானே.

சில நண்பர்கள் இவர்களை அப்புறப்படுத்தச் சொல்லி மனுக் கொடுக்கலாமே என்கிறார்கள். 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கும்வரை விற்பவரை அகற்ற முடியாது. வழியை மறித்து விரித்தால் பேசிச் சரி செய்யலாம். மனு எழுதும் செலவில் ஒரு பாக்கெட் பாசி வாங்கலாம்.

வரி விஷயத்தில் ஒரு வார்த்தை. ருத்ராட்சம், ருத்ராட்ச மாலை, துளசி மாலை ஆகியவை பூஜைப் பொருளாகக் கருதப்பட்டு ஜி.எஸ்.டி. இல்லாதவை. ஃபேன்சி நகை என்ற 7117 எண்ணில் வருபவற்றுக்கு 3 சதவீதம். உதிரிக் கண்ணாடி மணிக்கு எண்ணும் வேறு, விகிதமும் வேறு. எல்லாவற்றையும் ஒரே பில்லில் ஒரே விகிதத்தில் போட்டுவிடாமல் ஆடிட்டரிடம் கேட்டுப் பிரித்து எழுதுங்கள்.

சாரல் முடிந்ததும் நமக்கு அடுத்த சீசன் ஐயப்ப பக்தர்களால். கார்த்திகை முதல் தேதி மாலை போடுபவர்கள் அதற்கு முந்தைய வாரமே வந்து விடுவார்கள். செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகப் போகும் வண்டிகளும் அன்று தொடங்கி நமது சாலையில்தான். துளசி மாலைக்கான மணியைப் புரட்டாசிக்குள் வாங்கிக் கோக்கக் கொடுத்துவிட வேண்டும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் துளசி மணி ஈரம் குடித்துப் பூசணம் பிடிக்கும். கோத்த மாலையானாலும் காகிதத்தில் சுற்றி, காற்றுப் படும் அட்டைப் பெட்டியில் வைக்க வேண்டும், பாலிதீனில் கட்டக் கூடாது.