நாவல் கட்டங்களாகும்போது

1930-களின் அலபாமா. ஒரு சிற்றூர் நீதிமன்றம். கீழே வெள்ளையர் உட்கார்ந்திருக்கிறார்கள், கறுப்பருக்கு மாடிதான். ஹார்ப்பர் லீ 1960-இல் வெளியிட்ட ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலில் இந்த ஏற்பாட்டைச் சில வரிகளில் படித்துவிட்டு வழக்குக்குள் போய்விடுகிறோம். இந்த நாவலைச் சித்திரக் கதையாக்கும் ஓவியரால் அப்படிப் போக முடியாது. நீதிமன்றம் முழுவதும் தெரியும் ஒவ்வொரு கட்டத்திலும் அந்தப் பிரிவினையை அவர் வரைந்தே ஆக வேண்டும். ‘ஜூரி’ என்பது எழுத்தில் ஒரு சொல். படத்தில் பன்னிரண்டு வெள்ளை ஆண்களின் முகங்கள். இந்த நாவலைச் சித்திரமாக்க இது ஒன்றே போதுமான காரணம் என்பேன்.

பிரிட்டிஷ் ஓவியர் ஃபிரெட் ஃபோர்டாம் உருவாக்கிய கிராபிக் நாவல் 2018-இல் வந்தது. மூல நாவல் ஏறத்தாழ ஒரு லட்சம் சொற்கள் கொண்டது. உரையாடல் பேச்சு பலூன்களுக்குள் போய்விடும். வருணனையைப் படம் ஏற்றுக்கொள்ளும். சிக்கல் கதைசொல்லியிடம்தான். கதையைச் சொல்லும் ஸ்கவுட் வளர்ந்தபின் தன் சிறுவயதை நினைவுகூர்கிறாள். படத்தில் தெரிவதோ சிறுமி மட்டும். கட்டத்தின் மேல் வரும் கதைவரிகளை அதிகம் வைத்தால் படம் வெறும் அலங்காரமாகிவிடும். முற்றிலும் வெட்டினால் வளர்ந்தவளின் குரல் போய்விடும்.

வழக்கின் முக்கியச் சான்று கண்ணால் பார்க்க வேண்டியது. வெள்ளைப் பெண் மேயெல்லாவின் வலது கண் வீங்கியிருந்தது. இடக்கைப் பழக்கமுள்ளவர் அடித்திருக்கவே வாய்ப்பு அதிகம். அவளைப் பலாத்காரம் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினத் தொழிலாளி டாம் ராபின்சனின் இடது கையோ, சிறுவயதில் பருத்தி அரைவை இயந்திரத்தில் சிக்கிச் செயலிழந்தது. அவர் எழுந்து நிற்கும்போதுதான் ஸ்கவுட் அதைக் கவனிக்கிறாள். அதுவரை அந்தக் கையை மேசை, உடல், நிழல் என்று எதனாலாவது ஓவியர் மறைக்க வேண்டும். வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் டாம் எழத் தொடங்கி, தாளைப் புரட்டியபின் கை தெரிந்தால், ஸ்கவுட்டின் அதிர்ச்சி வாசகருக்கும் வரும்.

டாமின் மனம் நாவலில் நமக்குப் போதுமான அளவு திறக்கப்படவில்லை என்ற விமர்சனம் நெடுங்காலமாக உண்டு. எனக்கும் அது சரியென்றே படுகிறது. தழுவுபவர் வசனத்தை மாற்றாமலே இதைக் கொஞ்சம் ஈடுசெய்யலாம். சாட்சிகள் பொய் சொல்லச் சொல்ல, அவர்களின் பலூன்களைக் கட்டத்தின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு, கேட்டுக்கொண்டிருக்கும் டாமின் முகத்தை நடுவில் வைக்கலாம். ஒரு கட்டம் போதாது. பக்கம் பக்கமாக வைக்க வேண்டும்.