பேரக்குழந்தைக்கு ஒரு பிள்ளைத்தமிழ்

விடுமுறை தொடங்கியதும் பல இல்லங்களில் ஆளரவம் கூடிவிடுகிறது. நவராத்திரிக்கும் தீபாவளிக்கும், பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் மகனோ மகளோ கைக்குழந்தையோடு பெற்றோர் இல்லத்துக்கு வந்து சேர்கின்றனர். தாத்தா பாட்டியரின் மனம் நிறைகிறது. பட்சணங்கள் தயாராகின்றன, கோயிலுக்குச் செல்லும் நாள்கள் குறிக்கப்படுகின்றன.

அந்த மகிழ்ச்சியின் நடுவே ஒன்று கண்ணில் படாமல் போய்விடுவதுண்டு. வந்திருக்கும் இளம் தாயும் தந்தையும் மிகவும் களைத்திருக்கின்றனர். தனிக்குடித்தனத்தில் இரவு இரண்டு மூன்று முறை எழுந்து குழந்தையைத் தேற்றி, பகலில் அலுவலகப் பணியும் பார்த்து, ஒருவேளை உணவைக்கூட அமைதியாக உண்ண இயலாமல் பல மாதங்களைக் கடத்தி வந்தவர்கள் அவர்கள். அழும் குழந்தையின் கையில் கைப்பேசியைக் கொடுத்துவிட்டுச் சோறூட்டும் பழக்கமும் பெரும்பாலும் அந்தக் களைப்பிலிருந்துதான் பிறக்கிறது. பெரியோர் அதைக் கண்டு கடிந்துகொள்ள, இளையோர் மனம் வாட, நான்கு நாள் விடுமுறை கசப்பில் முடிந்துபோவதும் உண்டு.

கடிந்துகொள்வதற்கு மாறாகப் பெரியோர் செய்யத்தக்க பேருதவி ஒன்று உள்ளது. குழந்தையோடு அமர்ந்து விளையாடுவதே அது. எந்த வயதில் என்ன விளையாட்டு என்ற ஐயத்துக்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டுவதில்லை. தமிழின் பக்தி இலக்கியமே அந்த முறையை வகுத்து வைத்திருக்கிறது.

பத்துப் பருவங்கள்

கடவுளைக் குழந்தையாகப் பாவித்துப் பாடுவது பிள்ளைத்தமிழ். காப்பு, செங்கீரை, தாலாட்டு, சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழு பருவங்கள் ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்கும் பெண்பாற் பிள்ளைத்தமிழுக்கும் பொதுவானவை. எஞ்சிய மூன்றும் ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என அமையும். மதுரை மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் அம்மானை, நீராடல், ஊசல் ஆகியவை அம்மூன்றின் இடத்தில் வருகின்றன. பருவங்களுக்கு உரிய மாதக் கணக்கில் பாட்டியல் நூல்களிடையே சிறு வேறுபாடுகள் இருந்தாலும், செங்கீரை ஏறத்தாழ 5ஆம் மாதத்துக்கும் சப்பாணி 9ஆம் மாதத்துக்கும் உரியவை என்பது பெருவழக்கு.

இப்பருவங்களை ஊன்றி நோக்கினால், ஒரு குழந்தையின் வளர்ச்சி படிப்படியாகத் தெரியும். குப்புறக் கிடந்த குழந்தை இரு கைகளையும் தரையில் ஊன்றி, ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, தலை நிமிர்த்தி முகம் அசைய ஆடுவது செங்கீரை. இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. தளர்நடை நடந்து வரும்படி அழைப்பது வருகை. நிலவைக் காட்டி அதனோடு பேசுவது அம்புலி. அரசவைப் புலவரும் துறவியரும் பாடிய இந்த இலக்கியம், வீட்டுக் கூடத்தில் குழந்தையை அருகிருந்து பார்த்தவர்களின் அனுபவத்தில் வேரூன்றியது.

கூடத்தில் நிகழும் விளையாட்டு

செங்கீரைப் பருவக் குழந்தைக்குத் தரையில் விரித்த ஒரு கெட்டியான பாயே போதுமானது. உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறைகள், இன்னும் தவழத் தொடங்காத குழந்தையை விழித்திருக்கும் வேளையில், சிறிது சிறிதாகப் பிரித்து, நாளொன்றுக்கு மொத்தம் 30 நிமிடமாவது குப்புறக் கிடத்தி விளையாட விடும்படி கூறுகின்றன. கழுத்தும் தோளும் அதனால் வலுப்பெறும். பாட்டி எதிரே அமர்ந்து ஒரு பித்தளைக் கிண்ணத்தை மெல்லத் தட்டினால், ஒலி வந்த திசை நோக்கிக் குழந்தை தலை தூக்கும். பெரியவர் ஒருவர் அருகிலேயே இருத்தல் வேண்டும். உறங்கும்போது மட்டும் குழந்தையை மல்லாந்தே படுக்க வைக்க வேண்டும்.

சப்பாணிப் பருவத்தில், மாலை பூசையின்போது மணியோசைக்கு ஏற்பக் குழந்தையின் கைகளைச் சேர்த்துக் கொட்டச் செய்யலாம். உள்ளங்கையில் பருப்பு கடைந்து, விரல் ஒவ்வொன்றுக்கும் சோறூட்டி, முழங்கை வழியே நண்டு ஊர விட்டுக் கிச்சுக்கிச்சு மூட்டும் பழைய விளையாட்டும் இப்பருவத்துக்கு ஏற்றது. முழங்கால் வலியால் தரையில் அமர இயலாத தாத்தாவும் கட்டிலில் இருந்தபடியே இதை விளையாடலாம். அடுத்து நண்டு எங்கே ஊரும் என்று குழந்தை எதிர்பார்க்கக் கற்றுக்கொள்கிறது; மனித முகத்தைப் பார்த்துச் சிரிக்கவும் பழகுகிறது.

பெரியாழ்வார் திருமொழியில் பிள்ளைத்தமிழுக்கு முன்னோடியான பகுதிகள் பல உள்ளன. கண்ணன் அப்பூச்சி காட்டி விளையாடுவதை ஆழ்வார் ஒரு பதிகமாகவே பாடியுள்ளார். பின்னால் ஓடிவந்து முதுகைக் கட்டிக்கொள்வது புறம்புல்கல் என்னும் பதிகம். முகத்தைத் துண்டால் மறைத்து, பிறகு விலக்கிக் காட்டினால் குழந்தை கலகலவென நகைப்பதும், நடை பழகிய குழந்தை முதுகில் வந்து சாய்வதும் இன்றைய இல்லங்களிலும் காணும் காட்சிகளே.

அம்புலிப் பருவத்தில் புலவர்கள் சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நான்கு உபாயங்களாலும் நிலவைக் குழந்தையோடு விளையாட அழைப்பர். குழந்தைக்கும் உனக்கும் ஒப்புமை உண்டு என்பர். உன்னினும் இக்குழந்தை உயர்ந்தது என்பர். வந்தால் நன்மை பெறுவாய் என்பர். வராவிடில் தண்டனை உண்டு என்றும் மிரட்டுவர். பௌர்ணமி இரவில் மொட்டை மாடியில் பேரக்குழந்தையை இடுப்பில் ஏந்தி நிலவோடு வழக்காடும் பாட்டியும் அதையே செய்கிறார். விரலால் சுட்டுதல், சுட்டியதற்குப் பெயர் அறிதல், கேட்ட சொல்லைத் திரும்பச் சொல்லிப் பார்த்தல் ஆகியன அந்தப் பத்து நிமிடத்தில் நிகழ்கின்றன.

கைப்பேசியின் ஒளித்திரையால் இதைத் தர இயலாது. 2 வயது நிறையும் வரை திரையே வேண்டாம் என்றும், 2 வயது முதல் நாளொன்றுக்கு 1 மணி நேரத்துக்கு மேற்படக் கூடாது என்றும் மேற்கூறிய நெறிமுறைகள் வரையறுக்கின்றன. ஆயினும், வெளிநாட்டில் வாழும் பேரக்குழந்தையோடு காணொளி அழைப்பில் பேசுவதற்கு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் விலக்கு அளித்துள்ளது. தாய் அருகிருக்க, கடல் கடந்த தாத்தா துண்டால் முகம் மறைத்து அப்பூச்சி காட்டலாம்.

பண்டிகை நாள்களில்

பண்டிகை வேலைகளில் ஈடுபடும் பெரியோர் குழந்தையை ஒதுக்கி வைக்காமல் அதற்கும் ஒரு பங்கு கொடுத்தால், பெற்றோருக்கும் சற்று ஓய்வு கிட்டும்.

நவராத்திரியில் கொலுப்படியைத் தொடாதே என்று நாள் முழுவதும் தடுப்பதைவிட, அருகே ஒரு தாழ்ந்த மணையில் குழந்தைக்கென்றே தனிக் கொலு அமைக்கலாம். பெரிய மரப்பாச்சிப் பொம்மைகளும் மரக் கிண்ணங்களும் போதும். கொலுப் பூங்காவுக்காக முளைக்க விட்ட கடுகுக்கும் கேழ்வரகுக்கும் நாள்தோறும் நீர் தெளிக்கும் பணியை 2 வயதுக் குழந்தை பெருமையோடு ஏற்கும். விநாயக சதுர்த்தியன்று ஒரு பிடி களிமண்ணை உருட்டக் கொடுக்கலாம். கிருஷ்ண ஜயந்தியன்று அரிசிமாவில் தோய்ந்த குழந்தையின் பாதச்சுவடே வாசலிலிருந்து பூசையறை வரை கண்ணனின் வருகையைக் காட்டட்டும். கார்த்திகைக்கு ஏற்றாத அகல்களை வரிசையாக வைக்கும் வேலை குழந்தைக்குரியது; சுடர் ஏற்றுவது பெரியவருக்குரியது.

கோடையில் ஈர மணலே சிற்றில் கட்டப் போதும். கவிழ்த்து வைத்த பாத்திரமும் மரக்கரண்டியும் சிறுபறை ஆகும். நடைவண்டி சிறுதேர் ஆகும்.

கோயிலுக்கு அழைத்துச் செல்லும்போது கூட்டம் குறைந்த காலை வேளையைத் தேர்ந்தெடுப்பது நலம். கருவறை முன் நீண்ட வரிசையில் நின்று அழும் குழந்தையை அதட்டுவதில் பெரியவருக்கும் தரிசனம் கிட்டுவதில்லை. தாயும் தந்தையும் நிம்மதியாகச் சேவித்து வரட்டும். அதுவரை தாத்தா பிராகாரத்தில் குழந்தையின் கைபிடித்து, தூணில் யாளி எங்கே, நந்தியின் காது எங்கே என்று தேடி நடக்கலாம். திருக்குளத்தருகே மட்டும் பிடித்த கையை ஒரு கணமும் விடலாகாது.

கவனம் வேண்டிய இடங்கள்

அன்பு மிகுதியால் நேரும் சில தவறுகளும் உண்டு. கொலுவில் வைக்கும் சிறு செப்புச் சாமான்கள், மணிகள், சோழிகள் ஆகியவை குழந்தையின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். சுண்டலில் உள்ள முழுக் கொண்டைக்கடலையும் வேர்க்கடலையும் அவ்வாறே ஆபத்தானவை. பிரசாதமே ஆனாலும் நன்கு மசித்தே கொடுத்தல் வேண்டும். 1 வயது நிறையாத குழந்தையின் நாவில் தேன் தடவக் கூடாது என்பது மருத்துவர்களின் உறுதியான அறிவுரை. 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். அன்னப்பிராசனத்தை 6ஆம் மாதத்தில் செய்யும் வழக்கமும் அதனோடு பொருந்தியே உள்ளது. நீர் நிறைந்த வாளிகூடத் தவழும் குழந்தைக்கு ஆபத்து விளைவிக்கும்.

மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழைப் பாடிய குமரகுருபரர், ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்து 5 வயது வரை பேசாதிருந்தார் என்றும், பெற்றோர் திருச்செந்தூரில் முருகனிடம் முறையிட, வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்றும் அவர் வரலாறு கூறும். அந்த ஐந்து ஆண்டுகளில் பெற்றோர் அடைந்த துயரம் எத்தகையது என்பதை ஒவ்வொரு வீட்டாரும் உணர முடியும். இன்று ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்லும் பேசாத, வேண்டியதைச் சுட்டிக் காட்டாத, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தையை மருத்துவரிடம் காட்டிச் செவித்திறனைச் சோதிப்பது இன்றியமையாதது. அவர்கள் வீட்டிலும் தாமதமாகத்தான் பேசினார்கள் என்று சொல்லி நாள் கடத்துவதால் குழந்தையே இழப்புக்கு உள்ளாகும். செந்தூர் முருகனை வேண்டிக்கொண்டே மருத்துவரிடமும் செல்லலாம். ஒன்று மற்றொன்றுக்குத் தடையாகாது.

குழந்தையைப் போலவே தாயையும் கவனித்தல் வேண்டும். பிள்ளை பெற்ற பெண் இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலும் மனம் ஒட்டாமல் கண்ணீரோடு இருந்தால், அதைச் சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ எண்ணலாகாது. அது மருத்துவ உதவி தேவைப்படும் நிலை. அதை முதலில் கண்டுணரக்கூடியவர் வீட்டிலிருக்கும் மாமியாரோ தாயாரோதான்.

கேட்டுச் செய்தல்

இவ்வளவுக்கும் அடிப்படையாக ஒரு பண்பு வேண்டும். குழந்தை எப்போது உறங்கும், என்ன உண்ணும் என்று பெற்றோரிடம் கேட்டறிந்து, அதன்படி நடப்பதே அது. எந்தக் காலத்தில் எப்படிப் பிள்ளை வளர்த்தோம் என்ற ஒப்பீடு இளம் தாயின் தளர்ச்சியை மேலும் கூட்டும். “நீ குளித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, சற்றுப் படுத்து எழுந்து வா அம்மா. அதுவரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று மருமகளிடம் கூறும் சொல், நூறு அறிவுரைகளைவிட அவளுக்குப் பயன்படும். நாள்தோறும் ஒரு மணி நேரம் அவ்வாறு கிடைத்தால், விடுமுறை முடிந்து ஊர் திரும்பும்போது அவள் சற்றேனும் தெளிந்திருப்பாள். பாட்டியின் நண்டு விளையாட்டைக் குழந்தையின் தந்தையும் கற்றுக்கொண்டு சென்றால், அடுத்த மாதம் சோறூட்டும் வேளையில் கைப்பேசியின் தேவை ஒருவேளை குறையும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வடபத்திரசாயிக்கு மாலை கட்டிக்கொண்டிருந்த பெரியாழ்வார், துளசிச் செடியின் அடியில் கண்டெடுத்த பெண் குழந்தையைத் தம் மகளாக வளர்த்தார். கண்ணனின் தளர்நடையையும் சப்பாணியையும் அப்பூச்சியையும் பாடிய அந்த வீட்டில் வளர்ந்தவள் ஆண்டாள். அவள் அருளிய நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகம், மணலில் கட்டிய சிற்றிலைச் சிதைக்க வேண்டாம் என்று சிறுமியர் கண்ணனிடம் வேண்டுவதாக அமைந்துள்ளது.