நெட்வொர்க்கிங் வேலைக்கு மாறப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் படியுங்கள்

‘எந்த டிகிரியாக இருந்தாலும் ஐ.டி. வேலை, 100 சதவீத உத்தரவாதம்’. சென்னைப் புறநகர் ரயிலில் இப்படியொரு துண்டு விளம்பரத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. பி.காம். முடித்துவிட்டுக் கூரியர் மூட்டை சுமப்பவர், டிப்ளமோ கையோடு தொழிற்சாலையில் ஷிப்ட் பார்ப்பவர், பிள்ளைகள் வளர்ந்தபின் வேலை தேடும் பெண் எனப் பலரும் அதில் உள்ள எண்ணைத்தான் முதலில் அழைக்கிறார்கள். அடகு வைத்த நகையின் பணம் விளம்பரம் கொடுத்த பயிற்சி மையத்தில்தான் கைமாறுகிறது.

அந்த விளம்பரத்தில் பாதி உண்மை. பொறியியல் பட்டம் இல்லாமலும், ஐ.டி.யில் கணினி வலையமைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்கிங் துறையில் நுழையலாம். ஆனால் வேலைக்கு உத்தரவாதம் தர எந்தப் பயிற்சி மையத்தாலும் முடியாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம்.

தேர்வு பட்டம் கேட்பதில்லை

இந்தத் துறையில் ஆரம்பநிலைக்குப் பரவலாகக் கேட்கப்படும் சான்றிதழ் சிஸ்கோவின் சி.சி.என்.ஏ. 2020 பிப்ரவரியில் இருந்து 200-301 என்ற ஒரே தேர்வு, 120 நிமிடம். பட்டமும் வேண்டாம், எங்கே படித்தோம் என்ற சான்றும் வேண்டாம். பியர்சன் வியூ தளத்தில் நீங்களே பதிவு செய்து எழுதலாம். கட்டணம் 300 டாலர் அளவில், வரி தனி. தேறினால் 3 ஆண்டு செல்லும்.

படிப்பதற்கும் பெரிய செலவில்லை. சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமி அடிப்படைப் பாடங்களையும் பாக்கெட் டிரேசர் மென்பொருளையும் இலவசமாகத் தருகிறது. ரவுட்டரோ ஸ்விட்சோ வாங்காமல் வீட்டு லேப்டாப்பிலேயே நெட்வொர்க்கைக் கட்டிப் பார்த்து, உடைத்துப் பார்த்துப் பழகலாம். என்.பி.டி.இ.எல். இணையப் பாடங்களையும் இலவசமாகக் கேட்கலாம்.

சில நிறுவனங்கள் பட்டம் இல்லாத விண்ணப்பத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடும் என்பதும் உண்மைதான். முதலில் கிடைப்பது நெட்வொர்க் கண்காணிப்பு மையத்தில் இரவு ஷிப்டாகவோ, அலுவலகம் அலுவலகமாகப் போய்க் கேபிள் இழுத்து ஸ்விட்ச் பொருத்தும் ஃபீல்ட் வேலையாகவோ இருக்கலாம். சம்பளமும் குறைவாகத்தான் இருக்கும். அதற்கு மனதைத் தயார் செய்துகொண்டு இறங்குங்கள்.

எங்கே ஏமாறுகிறார்கள்?

முதல் பொறி, மாதத் தவணை. கட்டணம் என்று சொல்லி, கவுன்டரிலேயே உங்கள் பெயரில் கடன் போட்டுவிடுவார்கள். மையம் மூடப்பட்டாலும் தவணை நிற்காது.

இரண்டாவது, போலி அனுபவச் சான்றிதழ். ‘2 வருட எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தருகிறோம்’ என்பார்கள். சேர்ந்தபின் நடக்கும் பின்னணிச் சரிபார்ப்பில் வருங்கால வைப்பு நிதிக் கணக்கைப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும். வேலை போவதோடு முடியாது. போலி ஆவணத்தை உண்மையானது போலக் காட்டுவது பாரதிய நியாய சன்ஹிதாவின்படி குற்றம். அதைக் கொடுத்தவர் மட்டுமல்ல, பயன்படுத்திய நீங்களும் மாட்டுவீர்கள்.

மூன்றாவது, ஆள்மாறாட்டத் தேர்வும் திருட்டு வினாத்தாளும். பிடிபட்டால் சான்றிதழ் ரத்தாகும்; மீண்டும் எழுதவும் தடை வரலாம்.

உங்கள் உரிமைகள்

பயிற்சி மையங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-ல் தீர்ப்பளித்தது. வேலை, சம்பளம் குறித்துப் பொய் உறுதி தரக் கூடாது என்று பயிற்சித் துறைக்கென 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது. ‘கட்டிய பணம் திரும்பாது’ என்று ரசீதில் அச்சடித்திருந்தாலும் கலங்க வேண்டாம். நடத்தாத வகுப்புக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தரும்படி நுகர்வோர் ஆணையங்கள் உத்தரவிட்டிருக்கின்றன.

ஆப் வழியாகக் கடன் எடுத்திருந்தால், ரிசர்வ் வங்கி விதிப்படி குறைந்தது ஒரு நாள் யோசிக்க அவகாசம் உண்டு. அதற்குள் அசலையும் அதுவரையிலான வட்டியையும் கட்டி அபராதமின்றி விலகலாம்.

அசல் மதிப்பெண் சான்றிதழை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். கல்விச் சான்றிதழ் ஈடாகப் பிடித்து வைக்கும் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் வேலை ஒப்பந்தப் பத்திரத்தை வெற்றுக் காகிதம் என்று நினைத்துவிடாதீர்கள். வங்கி ஊழியர் ஒருவரின் வழக்கில் 3 ஆண்டுப் பணி அல்லது 2 லட்சம் ரூபாய் என்ற பத்திரம் செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒவ்வொரு வரியையும் படித்தபின் கையெழுத்திடுங்கள்.

ஏமாந்துவிட்டால்

ரசீது, விளம்பரத்தின் படம், வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் மையத்துக்கு எழுத்து மூலம் பணத்தைக் கேளுங்கள். அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். பிரச்சினை எழுந்த நாளில் இருந்து 2 ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். ஆன்லைனில் பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

இவ்வளவு தூரம் போகாமலிருக்க ஒரு வழி உண்டு. எந்த மையத்துக்கும் போகும் முன் ஒரு மாதம், தினமும் இரண்டு மணி நேரம், பைசா செலவில்லாமல் பாக்கெட் டிரேசரில் உட்காருங்கள். இரண்டு கணினிகளை இணைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பதில் வரவைத்துப் பாருங்கள். பதில் வராத இரவுகளில், எங்கே அறுந்தது என்று தேடும் ஆசை உங்களுக்குள் இருந்தால் இந்த வேலை உங்களுக்கானது. அதற்குப் பிறகு பயிற்சி மையத்தின் படியேறினால், எதைச் சொல்லித் தருவீர்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். அவர்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.