'என் சேலை கலரு எங்கம்மா?' - தூத்துக்குடி உப்பளமும் ஒரு கறுப்பு வெள்ளை போட்டோவும்!

தூத்துக்குடியில் ஓர் உப்பளம். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, கையில் உப்பு வாரும் பலகை, பின்னால் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல். வேலையில் இருந்த ஓர் அக்காவிடம் அனுமதி கேட்டு, மொபைலில் படம் எடுத்தேன். அன்று ராத்திரியே உட்கார்ந்து எடிட் செய்தேன். கலரை மொத்தமாக எடுத்துவிட்டு கான்ட்ராஸ்ட்டைக் கூட்டியதும், முகத்துச் சுருக்கம் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. 'அவார்டு போட்டோடா' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் அவரிடமே காட்டினேன்.

"என்னம்மா இது, செத்தவங்க படம் மாதிரில்லா இருக்கு! என் சேலை கலரு எங்க?"

அவர் கட்டியிருந்தது சிவப்புச் சேலை, பச்சை பார்டர். என் படத்தில் இரண்டும் ஒரே சாம்பல். இதற்குக் காரணம் ஒரு கணக்கு. கலரைச் சாம்பலாக மாற்றும் பழைய டி.வி. காலத்துச் சூத்திரம், பச்சைக்கு 59, சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11 சதவிகிதம் மதிப்புக் கொடுக்கிறது. நம் கண்ணுக்குப் பச்சைதான் அதிக வெளிச்சமாகத் தெரியும் என்பதால் இந்த ஏற்பாடு. பளிச் சிவப்பும் அடர் பச்சையும் இந்தக் கணக்கில் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நின்றுவிடும்.

போனது சேலை மட்டுமல்ல. உப்பு முற்ற முற்ற, உப்பை விரும்பும் நுண்ணுயிரிகளால் பாத்தி நீர் இளஞ்சிவப்பாக மாறும். அந்தச் சிவப்பும் என் படத்தில் காணோம். தொழில் தெரிந்தவர் பார்த்தால், 'இது எந்தப் பதத்தில் இருக்கும் பாத்தி?' என்றுகூடச் சொல்ல முடியாது.

இன்னொன்றும் உறுத்தியது. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக் குளிப்பு நடந்தது 1961-ல். அந்தக் காலத்துப் படங்கள் என்றாலே நம் மனதில் கறுப்பு வெள்ளைதான். அப்போது எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் வேறு வழி இருந்திருக்காது; எனக்கு இருந்தது. இன்று வெயிலில் நிற்கிறவரைச் சாம்பலாக்கினால், அவரும் முடிந்துபோன கதையில் ஓர் ஆளாகிவிடுகிறார். ஆனால், அவருடைய கூலியும் பாதத்து வெடிப்பும் உப்பின் வெளிச்சத்தில் கூசும் கண்ணும் இந்த வாரத்துப் பிரச்னை.

பெரிய ஆட்களிடமே இதில் ஒற்றுமை கிடையாது. உழைப்பாளிகளைப் படமெடுத்த பிரேசிலின் செபாஸ்டியோ சல்காடோ, 1993-ல் வெளியான 'ஒர்க்கர்ஸ்' புத்தகத்தைக் கறுப்பு வெள்ளையிலேயே தந்தார். துயரத்தை அழகாக்குகிறார் என்ற விமர்சனமும் அவர்மீது உண்டு. நம் ரகுபீர் சிங்கோ இந்தியாவைப் பார்க்கும் முறையே கலர்தான் என்று வாதாடியவர். மதுரைக்காரரான எம்.பழனி குமார் 'பாரி' இணையதளத்துக்காக எடுத்த தூத்துக்குடி உப்பளப் படங்களைப் பாருங்கள், கலர். உப்பள விஷயத்தில் என் ஓட்டும் அந்தப் பக்கம்தான்.

அதற்காகக் கறுப்பு வெள்ளையே வேண்டாம் என்று சொல்லவில்லை. துறைமுகத்துப் பக்கம் தோணிகளை எடுத்தபோது, மரமும் கயிறும்தான் படம். ஓரத்தில் கிடந்த நீல பிளாஸ்டிக் டிரம் கண்ணை இழுத்துக்கொண்டே இருந்தது. கலரை எடுத்தேன், டிரம் அடங்கிவிட்டது. ராத்திரி மஞ்சள் விளக்கும் வெள்ளை விளக்கும் கலந்து முகம் பச்சையடிக்கும் படங்களுக்கும் இதே வைத்தியம் பலிக்கும்.

நீங்களும் முயன்று பார்க்கலாம். எடுக்கும்போது மோனோ மோடில் எடுக்காதீர்கள். அப்படி சேமித்த படத்தில் பெரும்பாலும் கலரைத் திரும்பக் கொண்டுவர முடியாது. கலரில் எடுத்து, பிரதி ஒன்றில் மாற்றுங்கள். ஸ்னாப்சீடின் 'பிளாக் அண்ட் ஒயிட்' பகுதியில் கலர் ஃபில்டர்கள் இருக்கின்றன. சிவப்பைத் தொட்டால் சிவப்புச் சேலை வெளுக்கும், நீல வானம் கறுக்கும். பச்சையைத் தொட்டால் சேலை இருண்டு பார்டர் எழும். சாம்பலிலும் இரண்டையும் பிரித்துக் காட்டியிருக்கலாம். அன்று அவசரத்தில் நான் அதைச் செய்யவில்லை.

கலர் படத்தை அக்காவின் மகன் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவைத்தேன். சாயங்காலம் வாய்ஸ் நோட் வந்தது. "இது நல்லா இருக்கும்மா. சட்டைதான் பழசு. அத மட்டும் மாத்த முடியுமா?"