காவல் நாய் பின்னங்காலை இழுத்தால்...

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சையோ வாழையோ வச்சிருக்கிறவங்களுக்குக் காவல் நாயும் வீட்டில் ஒரு ஆள் மாதிரிதான். கோம்பை நாய்க்குச் சொந்த ஊரே நம்ம உத்தமபாளையம் பக்கம். ஆனாலும் பலர் ஜெர்மன் ஷெப்பர்டு வாங்கி வளர்க்கிறோம். எட்டு வயதைத் தாண்டியதும் அதில் சில நாய்கள் பின்னங்காலை இழுக்கும். "வயசாயிருச்சு, வாதம்" என்று விட்டுவிடுகிறோம்.

அது பரம்பரையாக வரும் தண்டுவட நரம்புச் சிதைவாக இருக்கலாம். பாக்ஸர் போன்ற இனங்களுக்கும் இது வரும். நடக்கையில் பின்பாதம் மடங்கும், நகம் தரையில் உரசித் தேயும், இடுப்பு தள்ளாடும். ஆனால் வலி இருக்காது. பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் நாயால் எழுந்து நடக்க முடியாமல் போகும்.

எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுக் கோளாறுதான் இதற்கு அடிப்படை என்று 2009-ல் கண்டுபிடித்தார்கள். குட்டிக்குத் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இந்த மரபணு வருகிறது. இரண்டுமே பழுது என்றால் நோய் வர வாய்ப்பு அதிகம். ஒன்று மட்டும் பழுது என்றால் நாய் நல்லாத்தான் இருக்கும், ஆனால் குட்டிக்குக் கடத்தும். அப்படிப்பட்ட இரண்டைச் சேர்த்தால், சராசரியாக நாலு குட்டிக்கு ஒன்று இரண்டு பழுதோடும் பிறக்கும். நோய் தெரிவதோ எட்டு வயதில். அதற்குள் அது எத்தனை ஈத்து போட்டிருக்கும்!

கால் இழுப்பதெல்லாம் இதே நோய் இல்லை. இடுப்பு மூட்டு விலகல், தண்டுவடத் தட்டு பிதுங்கல், உண்ணிக் காய்ச்சல் இவற்றிலும் இழுக்கும். அவற்றில் பலவற்றுக்கு வைத்தியம் உண்டு. அதனால் தேனி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ பக்கத்து கால்நடை மருத்துவமனையிலோ காட்டுங்கள். திடீரென்று கால் விழுந்து, எச்சில் வடிந்து, குரலும் மாறினால் வெறிநோயாக இருக்கலாம். தொடாதீர்கள், உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

நரம்புச் சிதைவைக் குணமாக்க மருந்து இல்லை. எந்த மூலிகைத் தைலமும் செத்த நரம்பை மீட்காது. தினமும் மெதுவாக நடக்க விடுங்கள், உடம்பு பெருக்காமல் பாருங்கள், பாதத்துக்குத் துணி கட்டுங்கள், படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்க வையுங்கள். அதுதான் நாம் செய்யக்கூடியது.

விதைக்கு நல்ல கதிராகப் பார்த்து எடுக்கிற நாம், குட்டி வாங்கும்போது அழகை மட்டும் பார்க்கலாமா? தாய் தகப்பன், பாட்டன் பாட்டி கடைசிவரை நடந்தனவா என்று கேளுங்கள். கூடப்பிறந்ததோடு சேர்க்காதீர்கள். இனத்துக்கு விடும் நாய்க்கு ரத்தத்திலோ கன்னத்து உமிழ்நீரிலோ மரபணுச் சோதனை செய்யலாம்.

நாட்டு நாய் என்றாலும் இதே விதிதான். வெள்ளை ராஜபாளையம் குட்டிகளில் சில பிறவியிலேயே செவிடாக இருப்பதும் பரம்பரைக் கோளாறுதான். நாட்டு இனத்தைக் காப்பது என்றால் அதன் ரத்தத்தையும் பார்த்துக் காப்பதுதான்.